பன்றி இதயம் பபூன் உடம்பில்: நிராகரிப்பைத் தடுத்தது எது?

முல்லைக்கொடி:
அனைவருக்கும் வணக்கம். கால்நடை மருத்துவம் இறுதியாண்டு படிக்கிறேன். ஒரு விலங்கின் இதயத்தை வேற்றின விலங்குக்கு மாற்றும் ஆராய்ச்சியில் நிராகரிப்பை எப்படித் தடுக்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கொடுத்திருக்கும் செமினார் தலைப்பு. பன்றியிலிருந்து பபூன் குரங்குக்கு மாற்றிய ஆய்வுகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எந்தக் கட்டுரையை எடுத்தாலும் நீளமாக ஒரு மருந்துப் பட்டியல், பக்கத்திலேயே ஒரு மரபணுப் பட்டியல். எது எதற்காக என்று பிடிபடவில்லை.

மனிதருக்கு மனித இதயம் வைக்கும்போது டாக்ரோலிமஸ், மைக்கோஃபெனோலேட், ஸ்டீராய்டு என்று நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளைக் கொடுத்து வருடக்கணக்கில் காப்பாற்றுகிறார்கள். அதையே டோஸை ஏற்றி பபூனுக்கும் கொடுத்தால் என்ன? பன்றியின் மரபணுவில் ஏன் கைவைக்க வேண்டும்?

கரிசல் வைத்தியர்:
முல்லை, டாக்ரோலிமஸ் அடக்குவது டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுக்களை. மரபணு திருத்தப்படாத பன்றி இதயத்தைக் கொல்வதற்கு பபூனின் உடம்புக்கு டி செல்லே தேவையில்லை.

தையல் முடிந்து கிளாம்ப்பை எடுத்ததும் இதயம் இளஞ்சிவப்பாக நிறம் ஏறி நன்றாகத் துடிக்கும். கொஞ்ச நேரத்தில் மேற்பரப்பில் அங்கங்கே கருநீலத் திட்டுகள் தோன்றும். திட்டுகள் பரவி ஒன்றோடொன்று சேரும், தசை வீங்கி விறைக்கும், துடிப்பு நின்றுவிடும். நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் கதை முடிந்துவிடும். பபூனின் இரத்தத்தில் பன்றிக்கு எதிரான ஆன்டிபாடிகள் முன்பே தயாராக இருப்பதுதான் காரணம். அவை புது இதயத்தின் இரத்தக்குழாய் உட்சுவரில் போய் ஒட்டுகின்றன. ஒட்டிய இடத்தில் காம்ப்ளிமென்ட் என்ற இரத்தப் புரதங்கள் சேர்ந்து செல்களைத் துளைக்கின்றன. பிளேட்லெட்டுகள் (இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள்) குவிந்து நுண்குழாய்கள் அடைபடுகின்றன. ஹைப்பர்அக்யூட் ரிஜெக்‌ஷன் என்று நீங்கள் படித்தது இதைத்தான். டாக்ரோலிமஸ் எத்தனை டோஸ் ஏற்றினாலும் இந்தப் பாதையில் குறுக்கே வராது.

ஒரு வேண்டுகோள். இந்தத் துறையில் இதயம் நின்றால் உடனே 'நிராகரிப்பு' என்று எழுதிவிட்டுப் போகும் பழக்கம் உண்டு. எது நிறுத்தியது என்று ஒவ்வொரு முறையும் தனியாகக் கேளுங்கள். 1933இல் மேயோ கிளினிக்கில் ஃபிராங்க் மான் குழு ஒரு நாயின் இதயத்தை இன்னொரு நாயின் கழுத்துக் குழாய்களில் இணைத்தது. அதிகபட்சம் எட்டு நாள் துடித்தது. தையலில் குறை என்று சொல்லிக் கடந்திருக்கலாம். அவர்கள் தசையை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். உள்ளே முழுக்க லிம்போசைட்டுகள், அதாவது நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள். அறுவைக் கோளாறு இல்லை, ஏதோ உயிரியல் காரணம் என்று எழுதி வைத்தார்கள். இதய மாற்றில் நிராகரிப்பைப் பற்றிய பேச்சு தொடங்குவதே அங்கேதான்.

தேன்சிட்டு:
எனக்கும் ஒரு சந்தேகம். பபூன் வாழ்நாளில் பன்றியைத் தொட்டதே இல்லை. ஆன்டிபாடி எங்கிருந்து வந்தது?

ஆதிரை:
குடலிலிருந்து. நான் நோயெதிர்ப்பியலில் ஆய்வு செய்கிறேன், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பன்றியின் செல்களுக்கு மேலே ஆல்ஃபா-கால் என்ற சர்க்கரை இருக்கிறது. பெரும்பாலான பாலூட்டிகளிடம் உண்டு. ஆப்பிரிக்க, ஆசியக் குரங்குகள், மனிதக் குரங்குகள், மனிதர் ஆகியோரிடம் மட்டும் இல்லை. அதைத் தயாரிக்கும் மரபணு நம் வழியில் சில கோடி ஆண்டுகளுக்கு முன்பே செயலிழந்துவிட்டது. ஆனால் குடலில் வாழும் பாக்டீரியாக்களில் இதே மாதிரியான சர்க்கரை உண்டு. அவற்றைப் பார்த்துப் பார்த்து நம் உடம்பு குழந்தைப் பருவத்திலேயே எதிர்ப்பைத் தயார் செய்துவிடுகிறது. பபூனிலும் அதேதான்.

முதலில் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். பபூனின் பிளாஸ்மாவை வடிகட்டி ஆன்டிபாடியை எடுத்தார்கள். சில நாளில் திரும்ப ஊறியது. நாகப்பாம்பு விஷத்திலிருந்து பிரித்த ஒரு புரதத்தைச் செலுத்தி காம்ப்ளிமென்ட்டையே தீர்த்துப் பார்த்தார்கள். இதயம் சில நாள் கூடுதலாகத் துடித்தது, அவ்வளவுதான். திருப்பம் பன்றியின் பக்கத்திலிருந்து வந்தது. 2002இல் ஆல்ஃபா-கால் தயாரிக்கும் மரபணுவின் ஒரு பிரதி நீக்கப்பட்ட குளோனிங் பன்றிகள் பிறந்தன. இரண்டு பிரதியும் இல்லாத பன்றிகள் அடுத்த ஆண்டே வந்துவிட்டன. அவற்றின் இதயத்தை பபூன் வயிற்றில் வைத்துப் பார்த்த முடிவுகள் 2005இல் வெளிவந்தன: இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை. நிமிடக் கணக்கில் நின்ற இடத்தில் மாதக் கணக்கு! இதைப் படிக்கும்போது எனக்கு இப்போதும் மகிழ்ச்சியாக இருக்கும்.

முல்லைக்கொடி:
மிக்க நன்றி அக்கா. 'வயிற்றில் வைத்து' என்கிறீர்களே, அப்படியென்றால் பபூனின் சொந்த இதயம்?

வைகைக்கரை:
அது அதன் இடத்திலேயே இருக்கும். புது இதயம் உபரி. நான் ஒரு ஆய்வகத்தில் எலிகளுக்கு இந்த அறுவை செய்துகொண்டிருந்தவன், அதனால் கையால் செய்த விதத்தைச் சொல்கிறேன்.

எலியில் செய்யும் முறை 1969இல் ஓனோ, லிண்ட்ஸி இருவரும் வகுத்தது. கொடையாளி எலியின் இதயத்தை எடுத்து, அதன் பெருந்தமனியைப் பெறுநர் எலியின் வயிற்றுத் தமனியின் பக்கவாட்டில் தைக்க வேண்டும். நுரையீரல் தமனியைப் பக்கத்திலுள்ள கீழ்ப்பெருஞ்சிரையில் தைக்க வேண்டும். நுண்ணோக்கிக்குக் கீழே, தலைமுடியைவிட மெல்லிய நூலில். நூலை ஒரு இழுப்பு அதிகம் இழுத்தால் சிரை கிழிந்துவிடும், குறைத்தால் கசியும். இரத்தம் தமனியிலிருந்து நேராக இதயத் தசைக்குள்ளிருக்கும் கரோனரிக் குழாய்களுக்குப் போய், வலது அறை வழியாகச் சிரைக்குத் திரும்பும். அதாவது இதயம் உயிரோடு துடிக்கும், ஆனால் உடம்புக்கு இரத்தம் இறைக்கும் வேலை அதற்குக் கிடையாது.

பிறகு தினமும் காலையில் எலியைக் கையில் எடுத்து, வயிற்றில் விரல் வைத்துப் பார்ப்போம். முதல் நாட்களில் விரலை நன்றாகத் தள்ளும். மருந்து இல்லாத எலியில் ஐந்தாறு நாளில் கெட்டியான கட்டியாகத் தட்டுப்படத் தொடங்கும், துடிப்பு நடுக்கமாகிவிடும், அப்புறம் நின்றுவிடும். இது எலியிலிருந்து எலிக்கு. ஹாம்ஸ்டர் இதயமென்றால் மூன்று நான்கு நாள். கினிப்பன்றி இதயமென்றால் வயிற்றை மூடுவதற்குள்ளேயே முடிந்துபோகும்.

இந்த எலி மாதிரியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சைக்ளோஸ்போரின் என்ற நிராகரிப்புத் தடுப்பு மருந்து உறுப்பு மாற்றுக்கு வந்ததில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. கேம்பிரிட்ஜில் ராய் கால்னின் குழுவில் இருந்த அல்கிஸ் கொஸ்டாகிஸ் என்ற கிரேக்க மருத்துவர்தான் எலி இதயங்களில் அதைச் சோதித்தார். அது தண்ணீரில் கரையாத பொருள். ஆலிவ் எண்ணெயில் கரைத்துக் கொடுத்தார். எலிகளில் இதயம் வழக்கத்தைவிட நெடுநாள் துடித்தது. முடிவுகள் 1977இல் வெளிவந்தன, 1983இல் அமெரிக்காவில் மருந்துக்கு அனுமதி கிடைத்தது.

கரிசல் வைத்தியர்:
வைகை சொன்ன 'இறைக்கும் வேலை கிடையாது' என்பதை முல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளட்டும். பின்னால் தேவைப்படும்.

செம்பருத்தி:
ஆல்ஃபா-கால் போய்விட்டது என்றால் பிரச்சினை அதோடு தீர்ந்திருக்க வேண்டுமே? ஆறு மாதத்தில் ஏன் நின்றது?

ஆதிரை:
ஆல்ஃபா-கால் அல்லாத மற்ற பன்றிப் பொருள்களுக்கு எதிராகவும் ஆன்டிபாடி உண்டு, புதிதாகவும் உருவாகும். ஆனால் 2005 ஆய்வில் முக்கியமாகக் கண்டது நுண்குழாய்களுக்குள் இரத்தக் கட்டிகள். பன்றியின் குழாய் உட்சுவரில் இருக்கும் திராம்போமாடுலின் என்ற புரதம் குரங்கின் இரத்த உறைவுக் காரணிகளோடு சரியாகப் பொருந்தி வேலை செய்வதில்லை. இயல்பாக உறைவைத் தடுக்க வேண்டிய சுவர், அந்த வேலையைச் செய்யாமல் விட்டுவிடுகிறது. அதனால் மனிதத் திராம்போமாடுலினைப் பன்றியில் சேர்த்தார்கள். காம்ப்ளிமென்ட்டைத் தடுக்க மனித சிடி46 புரதத்தையும் சேர்த்தார்கள். முல்லை, உங்கள் மரபணுப் பட்டியலில் பாதி இதுதான்: ஆல்ஃபா-கால் நீக்கம் ஆன்டிபாடிக்காக, சிடி46 காம்ப்ளிமென்ட்டுக்காக, திராம்போமாடுலின் இரத்த உறைவுக்காக.

டி செல் மிச்சம். டி செல்லும், ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல்லும் ஒன்றையொன்று தூண்டிக்கொள்வதற்கு சிடி40, சிடி154 என்று ஒரு புரத இணை வேண்டும். அதைத் துண்டித்தால் புது ஆன்டிபாடி உருவாவதும் குறையும். முதலில் சிடி154ஐத் தடுத்தார்கள். நன்றாகவே வேலை செய்தது, ஆனால் பிளேட்லெட்டிலும் சிடி154 இருப்பதால் இரத்தக் கட்டிகள் வந்தன. எனவே மறுமுனையான சிடி40ஐத் தடுக்கும் ஆன்டிபாடிக்கு மாறினார்கள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் முகம்மது மொகியுதீன் குழு இந்த மூன்று மாற்றம் கொண்ட பன்றி இதயங்களை ஐந்து பபூன்களின் வயிற்றில் வைத்து, சிடி40 தடுப்பை நடுநாயகமாக வைத்து மருந்து கொடுத்தது. 2016இல் வெளியான முடிவு: வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண் (மீடியன்) 298 நாள், அதிகபட்சம் 945 நாள்.

முல்லைக்கொடி:
945 நாள்! அப்படியென்றால் நிராகரிப்பு தீர்ந்துவிட்டது என்றே சொல்லலாமா?

ஆதிரை:
சொல்லக் கூடாது. அதே ஆய்வில் சிடி40 தடுப்பு மருந்தைக் குறைத்தபோது, நிறுத்தியபோது, இதயங்கள் நிராகரிக்கப்பட்டன. பபூனின் உடம்பு அந்த இதயத்தைத் தன்னுடையதாக ஏற்றுக்கொள்ளவில்லை. மருந்து அதன் கையைக் கட்டி வைத்திருந்தது.

கரிசல் வைத்தியர்:
இன்னொன்று, வைகை சொன்னது. வயிற்றில் இருந்த இதயம் வேலை செய்யவில்லை. சொந்த இதயத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் பன்றி இதயத்தை வைத்து, அதை மட்டுமே நம்பிப் பபூன் உயிர்வாழ வேண்டும் என்றால் கதை வேறு. 2018க்கு முன்னால் அப்படி வைத்தவற்றில் இரண்டு மாதத்தைத் தாண்டியதே இல்லை. பலவற்றில் முதல் ஓரிரு நாளிலேயே இதயம் செயலிழந்தது.

மியூனிக்கில் புருனோ ரைகார்ட் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வை நான் பலமுறை படித்திருக்கிறேன். முல்லை, செமினாரில் நேரம் குறைவாக இருந்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் சொல்லுங்கள். பன்றியில் ஆதிரை சொன்ன அதே மூன்று மாற்றங்கள்தான். மருந்திலும் அடிப்படை அதேதான்: சிடி40-சிடி154 இணையைத் தடுப்பது, கூட மைக்கோஃபெனோலேட், ஸ்டீராய்டு. நிராகரிப்புக்கான ஏற்பாடு மூன்று கட்டங்களிலும் பெரிதாக மாறவில்லை. மாறியது வேறு.

முதல் கட்டம், ஐந்து பபூன்கள். எடுத்த இதயத்தை வழக்கம்போலக் குளிர்ந்த கரைசலில் நிறுத்தி வைத்துப் பிறகு தைத்தார்கள். மூன்றில் இதயம் ஆரம்பத்திலேயே செயலிழந்தது. அதிகபட்சமாக வாழ்ந்தது 30 நாள். இது நிராகரிப்பு இல்லை, எடுத்து வைக்கும் இடைவெளியில் பன்றி இதயத்துக்கு ஏற்படும் சேதம் என்று அவர்கள் கருதினார்கள். இரண்டாம் கட்டத்தில் ஸ்வீடனின் ஸ்டிக் ஸ்டீன் உருவாக்கிய முறைக்கு மாறினார்கள். இதயத்தை 8 டிகிரியில் வைத்து, ஆல்புமின், ஹார்மோன்கள், சிவப்பணுக்கள் கலந்த ஆக்சிஜன் ஏற்றிய திரவத்தை விடாமல் ஓட்டுவது. தைக்கும் நேரத்திலும் இடையிடையே ஓட்டுவது. ஆரம்பச் செயலிழப்பு நின்றது. ஆனால் நான்கு பபூன்களும் 40 நாளுக்குள் இறந்தன.

அவற்றைத் திறந்து பார்த்தபோது பன்றி இதயம் பெரிதாகிவிட்டிருந்தது. சுவர் தடித்து, உள்ளறை சுருங்கி, இரத்தம் நிரம்ப இடமில்லாமல் போய், கல்லீரலும் பாழாகியிருந்தது. பன்றி வேகமாக வளரும் விலங்கு, அதன் இதயம் வந்த இடத்திலும் வளர்ந்துகொண்டே இருந்தது. பன்றியின் இரத்த அழுத்தம் சுமார் 80, பபூனுடையது சுமார் 120. அதுவும் தசையைத் தடிக்கச் செய்யும். ஸ்டீராய்டும் சேர்ந்து தடிக்க வைக்கும்.

மூன்றாம் கட்டத்தில் இந்த மூன்றையும் கையாண்டார்கள். இரத்த அழுத்தத்தைப் பன்றியின் அளவுக்குக் குறைத்தார்கள், ஸ்டீராய்டைச் சீக்கிரமே நிறுத்தினார்கள், வளர்ச்சியைத் தடுக்க டெம்சிரோலிமஸ் கொடுத்தார்கள். ஐந்தில் ஒன்றை 51ஆம் நாளில் வேறு சிக்கலால் கருணைக்கொலை செய்ய வேண்டி வந்தது. இரண்டு, திட்டமிட்டபடி 90 நாளை நலமாகக் கடந்தன. மற்ற இரண்டையும் தொடர்ந்து வைத்திருந்தார்கள்: 182 நாள், 195 நாள்.

நிராகரிப்பைத் தடுக்கும் மருந்து இரண்டாம் கட்டத்திலும் இருந்தது, மூன்றாம் கட்டத்திலும் இருந்தது. 40 நாளை 195 ஆக்கியது, செத்த விலங்கின் இதயத்தைப் பொறுமையாக ஆராய்ந்து 'இது நிராகரிப்பு இல்லை' என்று கண்டுகொண்டதுதான்.

வைகைக்கரை:
டாக்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். டெம்சிரோலிமஸ், சிரோலிமஸின் வகை. சிரோலிமஸையே நிராகரிப்புத் தடுப்பு மருந்தாகத்தான் நமக்குத் தெரியும். இங்கே அதை வளர்ச்சியைத் தடுக்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள். முல்லை, மருந்துப் பட்டியலில் இதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

செம்பருத்தி:
எல்லாவற்றையும் மரியாதையோடு படித்தேன். ஆனாலும் மனசு ஏற்கவில்லை. பபூன் கூட்டமாக வாழும் விலங்கு, வலியும் தெரியும் பயமும் தெரியும். எண்ணிக்கையை எல்லாரும் பெருமையாகச் சொல்கிறோம், ஒவ்வொரு எண்ணின் முடிவிலும் ஒரு உயிர் போயிருக்கிறது. மனிதருக்காக என்றால், மனிதருக்கு உண்மையில் என்ன நடக்கும் என்பதை பபூன் சொல்லுமா?

கரிசல் வைத்தியர்:
உங்கள் வருத்தம் நியாயமானது, செம்பருத்தி. நாற்பது வருஷம் விலங்குகளோடு இருந்தவன் நான், அதை லேசாகக் கடக்க முடியாது. ஆனால் 90 நாள் என்ற இலக்கு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். சர்வதேச இதய, நுரையீரல் மாற்றுச் சங்கம் 2000இல் ஒரு வரையறை வைத்தது: உயிரைத் தாங்கும் நிலையில் வைத்த இதயங்களோடு 60 சதவீத விலங்குகள் மூன்று மாதம் வாழ்ந்து காட்ட வேண்டும், குறைந்தது பத்து விலங்குகளாவது அப்படி வாழ வேண்டும், அதற்குப் பிறகே மனிதர்களிடம் சோதனையைப் பற்றி யோசிக்கலாம் என்று. 1984இல் கலிபோர்னியாவில் பிறந்து சில நாளே ஆன ஒரு குழந்தைக்கு பபூன் இதயத்தை வைத்தார்கள், மூன்று வாரத்தில் இறந்துபோனது. அப்படி மீண்டும் நடக்கக் கூடாது என்றுதான் நான் இந்த வரையறையைப் புரிந்துகொள்கிறேன்.

ஆதிரை:
செம்பருத்தியின் கேள்வியில் அறிவியல் ரீதியாகவும் பலம் இருக்கிறது. பபூன் எல்லாவற்றையும் சொல்லாது.

பன்றிச் செல்லில் ஆல்ஃபா-கால் தவிர இன்னும் இரண்டு சர்க்கரைகள் சிக்கல். அதில் ஒன்றை உருவாக்குவது சிஎம்ஏஹெச் மரபணு. மனிதரிடம் அந்தச் சர்க்கரை இல்லை, எனவே மனிதருக்கு அதை நீக்கிய பன்றி நல்லது. ஆனால் பபூனிடம் அந்தச் சர்க்கரை இருக்கிறது. அதைப் பன்றியிலிருந்து நீக்கினால் இதுவரை மறைந்திருந்த வேறொரு பொருள் வெளிப்படுகிறது, அதற்கு எதிராகப் பபூனின் இரத்தத்தில் ஆன்டிபாடி இருக்கிறது! மூன்று சர்க்கரையும் நீக்கிய பன்றி, மனித இரத்தத்தோடு நன்றாகப் பொருந்துகிறது, பபூனின் இரத்தத்தோடு மோசமாக மோதுகிறது. மனிதருக்குச் சிறந்த பன்றியைப் பபூனில் சோதித்தால் தவறான விடை கிடைக்கும். இனிமேல் பபூன் ஆய்வை யார் முன்மொழிந்தாலும் எந்தக் கேள்விக்கு இந்த விலங்கால் விடை சொல்ல முடியும் என்பதை முதலில் எழுத வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். இரத்த உறைவு, இதய வளர்ச்சி, பாதுகாக்கும் முறை: இவற்றுக்குப் பபூன் சொன்ன விடை உபயோகமாக இருந்தது. ஆன்டிபாடிப் பொருத்தத்துக்கு அப்படி இல்லை.

செம்பருத்தி:
இப்படி வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி ஆதிரை. என் எதிர்ப்பு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் எதை எதிர்க்க வேண்டும், எங்கே கேள்வி கேட்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது.

தேன்சிட்டு:
2022இல் மேரிலாந்தில் டேவிட் பென்னட் என்பவருக்கு வைத்த பன்றி இதயத்தில் வைரஸ் இருந்ததாகச் செய்தி வந்ததே. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

கரிசல் வைத்தியர்:
நேரடித் தொடர்பு உண்டு. அது பன்றி சைட்டோமெகலோவைரஸ். மியூனிக் பபூன்களின் மாதிரிகளை வைரஸுக்காகச் சோதித்து 2020இலேயே எழுதியிருந்தார்கள்: வைரஸ் இருந்த இதயங்களைப் பெற்ற பபூன்கள் சில வாரத்துக்கு மேல் தாங்கவில்லை, நீண்ட நாள் வாழ்ந்தவற்றில் வைரஸ் இல்லை. பென்னட்டுக்கு வைத்தது பத்து மரபணு மாற்றம் கொண்ட பன்றியின் இதயம். மூன்று சர்க்கரை நீக்கம், வளர்ச்சி ஹார்மோன் ஏற்பி நீக்கம், ஆறு மனித மரபணுக்கள். வளர்ச்சிப் பிரச்சினைக்கு மரபணுவிலேயே வழி செய்தார்கள், கவனித்தீர்களா? ஜனவரி 7இல் வைத்தார்கள், இரண்டு மாதம் வாழ்ந்தார். வைரஸ் பிறகுதான் தெரிந்தது.

கால்நடை மருத்துவர்களுக்கு இதில் பெரிய வேலை இருக்கிறது, முல்லை. இந்த வைரஸ் பன்றியின் உடம்பில் ஒளிந்திருக்கும். மூக்கில் குச்சி விட்டு எடுக்கும் சோதனையில் இல்லை என்று வரலாம். ஆன்டிபாடிச் சோதனையும் சேர்த்துச் செய்ய வேண்டும். குட்டிகளைத் தாயிடமிருந்து சீக்கிரமே பிரித்துத் தனியாக வளர்த்தால் வைரஸ் இல்லாத மந்தையை உருவாக்கலாம். பன்றிப் பண்ணை தெரிந்தவர்தான் இதைச் செய்ய முடியும்.

முல்லைக்கொடி:
மருந்துப் பட்டியலையும் மரபணுப் பட்டியலையும் இப்போது பக்கத்தில் பக்கத்தில் வைத்து எதற்கு எது என்று எழுதிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று டாக்டர்: உயிரோடு இருக்கும் விலங்கில் இதயம் பலவீனமாகும்போது, நிராகரிப்பா வளர்ச்சியா என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ஆசிரியர் நிச்சயம் கேட்பார்.

கரிசல் வைத்தியர்:
ஒரே சோதனையை நம்பாதீர்கள். எக்கோவில் சுவரின் தடிமனை வாரா வாரம் அளந்து வரைபடமாக வையுங்கள். சுவர் சீராகத் தடித்து, உள்ளறை சுருங்கி, இதயம் சுருங்குவதற்கு முன்பே விரிவது கெட்டால் வளர்ச்சியைச் சந்தேகியுங்கள். கூடவே இரத்தத்தில் பிலிருபின் (கல்லீரல் வெளியேற்றும் மஞ்சள் நிறமி) ஏறினால் கல்லீரலில் இரத்தம் தேங்குகிறது. ட்ரோபோனின் (இதயத் தசை சேதத்தைக் காட்டும் புரதம்) திடீரென்று ஏறி, பிளேட்லெட் இறங்கி, பன்றிக்கு எதிரான ஆன்டிபாடி அளவும் உயர்ந்தால் நிராகரிப்புப் பக்கம் பாருங்கள். ஆனால் நிராகரிப்பில் வீக்கத்தாலும் சுவர் தடிக்கும், பெரிதாகிவிட்ட இதயத்திலும் ட்ரோபோனின் ஏறும். அதனால் முடிந்தால் பயாப்ஸி (சிறு திசுத் துண்டு) எடுத்து, குழாய்ச் சுவரில் ஆன்டிபாடியும் காம்ப்ளிமென்ட்டும் படிந்திருக்கிறதா, லிம்போசைட்டுகள் நுழைந்திருக்கின்றனவா, இல்லை தசைநார்கள் மட்டும் பருத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மியூனிக் கட்டுரையில் எக்கோ வரைபடங்களும் திசுப் படங்களும் இருக்கின்றன. இரண்டாம் கட்டத்தையும் மூன்றாம் கட்டத்தையும் ஒரே ஸ்லைடில் அடுத்தடுத்து வையுங்கள், ஆசிரியர் கேட்பதற்கு முன்பே பதில் திரையில் இருக்கும்.